பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்குச் சரியான பெல்லட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் விளிம்பு அந்தப் புள்ளியை உரசினாலே பத்து. அதாவது பெல்லட்டின் மையம், இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தூரத்துக்குள் விழுந்தால் போதும். அங்கிருந்து உள்ளே போகப்போக ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடும். உச்சம் 10.9. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருடைய கடைசிக் குண்டு 10.8. 2013 முதல் தகுதிச் சுற்றிலும் இதே தசமக் கணக்குதான், இப்போது அதில் அறுபது குண்டு. சராசரியில் 0.1 உயர்ந்தால் மொத்தத்தில் 6 புள்ளி உயரும்.

இந்த அளவுக்கு நுணுக்கமான விளையாட்டில் எந்த பெல்லட் போடுகிறோம் என்பது முக்கியம். ஆனால் அதைக் கடைக்காரரிடமோ பக்கத்து லேனில் சுடுபவரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் கொண்ட இரண்டு பேரல்கள்கூட வேறுவேறு பெல்லட்டை விரும்பும். உங்கள் துப்பாக்கியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மேஜை, இரண்டு மணல் மூட்டை, ஒரு வெர்னியர், கொஞ்சம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

தொடங்கும் முன்: பாதுகாப்பும் சட்டமும்

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். உரிமம் இல்லை என்பதற்காக அதை விளையாட்டுச் சாமானாக நினைக்கக் கூடாது. கண்ணைக் குருடாக்க அந்த ஆற்றல் தாராளமாகப் போதும். சோதனையை ரேஞ்சில் கோச்சின் பார்வையில் செய்யுங்கள். கண்ணாடி அணியுங்கள். சுடாத நேரத்தில் பேரலுக்குள் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும், முனை எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும்.

பெல்லட் ஈயம். கையில் பெல்லட்டோடு பிஸ்கட் சாப்பிடுவது, இரண்டு பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொண்டு லோடு செய்வது போன்ற பழக்கங்களைச் சின்னப் பிள்ளைகளிடம் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

படி 1: துப்பாக்கியைச் சரிபார்த்தல்

பெல்லட்டைக் குறை சொல்லும் முன் துப்பாக்கியைப் பாருங்கள். பேரலையும் ஸ்டாக்கையும் பிணைக்கும் ஸ்குரூக்கள், பின் சைட், முன் சைட் எதுவும் ஆடக் கூடாது. தளர்ந்த ஒரு பின் சைட் எல்லா பெல்லட்டையும் மோசமாகக் காட்டிவிடும்.

காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். காலாவதியான சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. போட்டியிலும் அதற்கு வீரர்தான் பொறுப்பு. பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் முழு நிரப்பு 200 பார். சோதனை நடக்கும்போது அழுத்தம் ரொம்ப இறங்கிவிடாமல் நடுவே நிரப்பிக்கொள்ளுங்கள்.

காற்றின் சீர் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பத்து மீட்டரைக் கடக்க 0.06 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் ஒரு சதவீதம் மாறினால் விழும் இடம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ நகரும். பார்க்க ஒன்றுமில்லாத அளவு, ஆனால் 0.1 புள்ளிக்கு மேல்.

ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே பிஸ்டன் ஓடுவதால் அது முன்னும் பின்னும் உதறும். கெட்டியான தாங்கியில் வைத்தால் குண்டு விழும் இடமே மாறிவிடும். மெத்தென்ற தாங்கலில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடியுங்கள்.

படி 2: எவற்றைச் சோதிப்பது

போட்டி பெல்லட்டின் தலை தட்டையாக இருக்கும். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமான துளை விழும். எடை பெரும்பாலும் 0.50 முதல் 0.53 கிராம். டின் மேலே ஹெட் சைஸ் அச்சிட்டிருக்கும்: 4.48, 4.49, 4.50, 4.51. அத்தோடு பேட்ச் எண்ணோ உற்பத்தித் தேதியோ இருக்கும். புதியவர்கள் ஹெட் சைஸைத்தான் தேடித்தேடிப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் பேட்ச்தான் முதலில். ஒரே அச்சில் ஒரே ஓட்டத்தில் வந்த பெல்லட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். அதே பெயர், அதே ஹெட் சைஸ் என்றாலும் அடுத்த பேட்ச் வேறு மாதிரி பாயலாம்.

நான்கு வகை போதும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போல உயர்ரகம் இரண்டு, பயிற்சி ரகம் ஒன்று, கிளப்பில் எல்லோரும் போடுவது ஒன்று. முழு டின் வாங்க வேண்டியதில்லை. கிளப் நண்பர்களிடம் சோதனைக்குப் போதுமான அளவு கேட்டு வாங்குங்கள், பேட்ச் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

சுடும் முன் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பாவாடை போன்ற அந்த ஸ்கர்ட் முழு வட்டமாக இருக்க வேண்டும். நெளிந்தது, உள்ளே ஈயச் சீவல் ஒட்டியது, தரையில் விழுந்தது எல்லாம் தனி டப்பாவுக்கு. வீட்டுத் தராசில் எடை போட்டுப் பிரிப்பது வீண் வேலை. அரை கிராமுக்குள் இருக்கும் நுண்ணிய வித்தியாசத்தை 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசு காட்டாது.

படி 3: தாங்கி அமைத்தல்

தயாரிப்பாளர்கள் துப்பாக்கியை வைஸில் இறுக்கிச் சோதிக்கிறார்கள். புதிய துப்பாக்கியோடு ஒரு சோதனை அட்டை வருமே, அது அப்படிச் சுட்டதுதான். கிளப்பில் வைஸ் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஆடாத மேஜை ஒன்றில், ஸ்டாக்கின் முன்பகுதிக்கு ஒரு மணல் மூட்டை, பின்பகுதிக்குச் சின்னதாக ஒன்று. பேரல் மூட்டையைத் தொடவே கூடாது. காற்றுச் சிலிண்டரும் அப்படித்தான். கன்னத்தை அழுத்தாமல், மூச்சு நிதானமான பிறகு டிரிகரை இழுங்கள்.

இங்கே நீங்கள் சுடும் திறமையைக் காட்ட வரவில்லை. நடுவில் விழுகிறதா என்பதும் கேள்வி இல்லை. எல்லாம் ஏழாம் வளையத்தில் ஒரே துளையாக விழுந்தால் அதுதான் சிறந்த பெல்லட். ஆகவே சோதனை முடியும்வரை சைட்டைத் திருகாதீர்கள்.

படி 4: சுடுவது

புது வகைக்கு மாறும்போது முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பேரலின் உட்சுவரில் முந்தைய பெல்லட்டின் மெல்லிய ஈயப் படலம் இருக்கும், புதியது அதற்குப் பழக வேண்டும். பிறகு புதிய அட்டை, ஐந்து குண்டு. அட்டையின் மூலையில் வகை, ஹெட் சைஸ், பேட்ச், சிலிண்டர் அழுத்தம் நான்கையும் உடனே எழுதிவிடுங்கள்.

ஒரு வகையை முழுதாகச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முதல் வகை நீங்கள் புத்துணர்ச்சியோடு இருக்கும்போதும், கடைசி வகை கண் களைத்த பிறகும் வந்து நிற்கும். அ, ஆ, இ, ஈ என ஒரு சுற்று, சற்று ஓய்வு, மீண்டும் ஈயிலிருந்து பின்னோக்கி ஒரு சுற்று. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது நான்கு அட்டை சேர வேண்டும்.

அந்த நான்கு அட்டைதான் இந்தச் சோதனையின் உயிர். ஐந்து குண்டுக் குரூப் (ஒரு அட்டையில் விழுந்த துளைத் தொகுதி) ஒன்றின் அகலம் தற்செயலாகவே கால் பங்கு கூடும், குறையும். உண்மையில் 2 மி.மீ. சராசரி கொண்ட பெல்லட் ஒரு முறை 1.5 என்றும் மறுமுறை 2.5 என்றும் காட்டும். ஒரே ஒரு அழகான அட்டையைப் பார்த்து டின் டினாக வாங்கியவர்கள் ஏமாந்தது இதனால்தான். நான்கு அட்டையின் சராசரி எடுத்தால் அந்த ஆட்டம் பாதியாகக் குறையும்.

படி 5: அளப்பது

வெர்னியரின் தாடைகளை ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் வெளிவிளிம்பில் வையுங்கள். கிடைக்கும் எண்ணில் 4.5 கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம். காகிதம் கிழிந்து மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தால் விரல் நுனியால் பின்னாலிருந்து மெல்லத் தடவிச் சமமாக்கிவிட்டு அளவிடுங்கள். உதாரணமாக 6.4 வந்தால் குரூப் 1.9 மி.மீ. பத்துக்கான இடம் 5 மி.மீ. அகலம் என்பதால் அது தாராளமாக உள்ளே அடங்கும்.

ஒரு குண்டு மட்டும் தனியாக ஓடிப்போயிருந்தால் அதை நீக்கிவிடத் தோன்றும். டிரிகரை இழுத்த கணமே 'இது என் தப்பு' என்று சொல்லி எழுதியிருந்தால் நீக்கலாம். அட்டையைப் பார்த்த பிறகு தோன்றியது என்றால் கூடாது.

படி 6: முடிவெடுப்பது

இப்போது இன்னொரு கணக்கு. நின்று சுடும்போது உங்கள் சொந்த ஆட்டமும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். புதியவரின் ஆட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. சிதறும் சாதாரண பெல்லட்டோடு மொத்தம் 20.4. உயர்ரகம் போட்டாலும் இருபதுக்குக் கீழே போகாது. அவருக்கு அந்தப் பணத்தில் நல்ல ஷூவோ கூடுதல் கோச்சிங்கோ பலன் தரும். ஆட்டம் 6 மி.மீ.க்கு இறங்கிய ஒருவருக்கோ 4 மி.மீ. பெல்லட் 7.2 ஆக்கும், 1.5 மி.மீ. பெல்லட் 6.2 ஆக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் போட்டியில் இடங்களை மாற்றும்.

அதனால் என் பரிந்துரை இது. முதல் வருடத்தில் பயிற்சி ரகங்களுக்குள் மட்டும் சோதித்து, மோசமானதை ஒதுக்குங்கள். தவறு உங்களுடையதா பெல்லட்டுடையதா என்ற சந்தேகம் தீர்ந்தாலே பயிற்சி வேகமாகும். தகுதிச் சுற்றில் 600ஐத் தொடத் தொடங்கியதும் உயர்ரகச் சோதனைக்கு வாருங்கள். இரண்டு வகையின் சராசரி வித்தியாசம் 0.3 மி.மீ.க்குள் என்றால் விலை குறைந்ததை எடுங்கள்.

படி 7: வாங்குவதும் வைப்பதும்

முடிவு வந்ததும் அதே பேட்சில் முடிந்தவரை வாங்கிவிடுங்கள். ஒரு டின்னில் 500. நாளுக்கு நூறு, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வாரம் ஒரு டின் காலி. சோதித்த உயர்ரகத்தைப் போட்டிக்கும் அதற்கு முந்தைய வாரங்களுக்கும் ஒதுக்கி, மற்ற நாளில் பயிற்சி ரகத்தைச் சுடலாம். வகை மாறும்போது சைட் மாற்றம் எத்தனை கிளிக் என்று டின் மூடியிலேயே எழுதி வையுங்கள்.

பயணத்தில் டின் குலுங்கினால் ஸ்கர்ட் நசுங்கும், மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் துண்டு வைக்கவும். கழுவவோ எண்ணெய் போடவோ வேண்டாம். கடைசி இரண்டு டின் மிச்சம் இருக்கும்போதே புதிய பேட்சில் ஐம்பது வாங்கி, பழையதோடு சேர்த்து அ, ஆ என்று மாற்றிமாற்றிச் சுட்டுப் பாருங்கள்.