கிளட்சில் புகுந்த காற்று

பழைய காரொன்றில் கிளட்ச் மிதி தரைவரை தொய்ந்து இறங்குகிறது. கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் கரகரக்கின்றன. காரணம் என்ன? பெரும்பாலும், மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்து, திரவம் கசிவதுதான்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். அதன் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 0.75 அங்குலம், மறுமுனையில் கிளட்சை இயக்கும் சிலிண்டருக்கு 1.25 அங்குலம். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. எனவே விசை சுமார் 2.8 மடங்காகப் பெருகும். நகரும் தூரமோ அதே விகிதத்தில் குறையும். அந்தச் சிறிய தூரமும் வீணானால் கிளட்ச் விடுபடாது.

புதிய சிலிண்டரைப் பொருத்தியதும் வேலை முடிந்ததா? இல்லை. குழாயில் காற்று புகுந்திருக்கும். திரவம் அநேகமாக அமுங்காது. காற்று எளிதில் அமுங்கும். ஆகவே ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் கீழ்ச் சிலிண்டரின் திருகைத் தளர்த்தி, மிதி மேலெழுமுன் இறுக்கவேண்டும். குமிழிகள் நிற்கும்வரை இப்படியே செய்து, தொட்டியில் திரவம் வற்றாமல் ஊற்றிவரவேண்டும். மெக்கானிக்குகள் இதைப் ‘பிரேக் ஆயில்’ என்பார்கள். ஆனால் என்ஜின் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

ஊசியில்லாத இரு புதிய சிரிஞ்சுகளில் நீர் நிரப்பி, நீர் நிறைந்த குழாயால் இணைத்து அழுத்திப் பாருங்கள். பிறகு சிறிது காற்றை உள்ளே விட்டு அழுத்துங்கள். வேறுபாட்டை உங்கள் விரலே சொல்லும்!