பல பைல்கள், ஒரே புரோகிராம்: ரைட் கிளிக் மெனுவில் சேர்ப்பது எப்படி?

ஒரு போல்டரில் பன்னிரண்டு படங்கள் உள்ளன. அவை அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஒரே ஒரு புரோகிராமிடம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அந்த புரோகிராம் பன்னிரண்டையும் சேர்த்து ஒரே பைலாக்கித் தர வேண்டும். கேட்பதற்கு மிக எளிதான வேலைதான். ஆனால் செய்து பார்த்தால் பன்னிரண்டு விண்டோக்கள் திறந்து கம்ப்யூட்டர் திணறும். இது ஏன் நடக்கிறது, சரியான வழி என்ன என்பதை இங்கு பார்ப்போம். கூடவே, இதில் நான் பட்ட ஒரு நஷ்டத்தையும் சொல்கிறேன்.

நான் விருதுநகரில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்து டிசைன் வேலை செய்பவன். எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. 1923ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னால் வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அதனால் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. இன்றும் ஆடிப் பதினெட்டுக்கு காலண்டர் ஆல்பம், தீபாவளிக்குப் பல மாதம் முன்பே பட்டாசு லேபிள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும்.

லேபிள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டிசைன்களை ஜேபெக் படங்களாக்கி, எல்லாவற்றையும் ஒரே பிடிஎப் பைலாகச் சேர்த்து, வாடிக்கையாளரின் செல்போனுக்கு அனுப்புவோம். அவர் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் பிளேட் போடுவோம். தினமும் செய்யும் வேலை என்பதால், இதை ரைட் கிளிக் மெனுவில் கொண்டுவர நினைத்தேன்.

ரெஜிஸ்ட்ரி வழி ஏன் உதவாது?

ரைட் கிளிக் மெனுவில் புதிய வரி சேர்க்க பலரும் சொல்வது ரெஜிஸ்ட்ரி வழிதான். அந்த வகை பைலுக்கு உரிய இடத்தில் ஒரு கீ உருவாக்கி, புரோகிராமின் பெயரைக் கொடுத்து, அதன் பின்னால் "%1" என்று எழுதுவோம். இந்த %1 என்பதற்கு 'தேர்ந்தெடுத்த பைல்' என்று பொருள். இங்கே கவனிக்க வேண்டியது, அது ஒரே ஒரு பைலை மட்டுமே குறிக்கும் என்பதுதான்.

நீங்கள் பன்னிரண்டு பைல்களைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் அந்தக் கட்டளையைப் பன்னிரண்டு முறை இயக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பைல். ஒன்றுக்கு மற்றது தெரியாது. நான் அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டு கறுப்பு விண்டோக்கள் வந்து மறைந்தன. கடைசியில் பிடிஎப் பைலைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு பக்கம்! பன்னிரண்டு ஓட்டமும் ஒரே பெயரில் பைலை எழுதியதால், கடைசியாக முடிந்தது மட்டும் மிஞ்சியது.

%1 என்பதை %* என்று மாற்றினால் எல்லாப் பைல்களும் வரும் என்று சிலர் நினைப்பார்கள். ரெஜிஸ்ட்ரியில் அது இந்த வேலையைச் செய்யாது. இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸ் 7 முதல், 15 பைல்களுக்கு மேல் தேர்ந்தெடுத்தால் இப்படிச் சேர்த்த வரி மெனுவிலேயே தெரியாது. திறத்தல், அச்சிடுதல் போன்ற வரிகளும் மறைந்துவிடும். தெரியாமல் நூறு விண்டோக்களைத் திறந்துவிடாமல் இருக்க மைக்ரோசாப்ட் வைத்த கட்டுப்பாடு இது. இந்த எண்ணிக்கையை ரெஜிஸ்ட்ரியில் மாற்றலாம். ஆனால் மாற்றினாலும் பைல்கள் ஒவ்வொன்றாகத்தான் போகும்.

செவன்-ஜிப், வின்மெர்ஜ் போன்ற புரோகிராம்கள் மட்டும் எப்படிப் பல பைல்களை ஒன்றாக வாங்குகின்றன? அவை ஷெல் எக்ஸ்டென்ஷன் என்ற துணை புரோகிராமைத் தங்களுடன் கொண்டு வருகின்றன. விண்டோஸ் முழுப் பட்டியலையும் அதனிடம் கொடுத்துவிடும். அதை எழுத புரோகிராமிங் தெரிய வேண்டும். நம்மைப் போன்ற வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு வேறு வழி இருக்கிறது.

சென்ட் டூ: கையில் இருக்கும் கருவி

விண்டோஸ் 95 காலத்திலிருந்தே ரைட் கிளிக் மெனுவில் 'சென்ட் டூ' என்ற வரி உண்டு. பென் டிரைவுக்குக் காப்பி செய்ய மட்டுமே பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் இதற்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண போல்டர். அதற்குள் ஒரு புரோகிராமின் ஷார்ட்கட்டைப் போட்டால், அது மெனுவில் வந்துவிடும். முக்கியமாக, தேர்ந்தெடுத்த எல்லாப் பைல்களின் பெயர்களையும் இது ஒரே கட்டளையில், ஒரே ஓட்டத்தில் கொடுக்கும்.

1. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தவும். ரன் பாக்ஸ் வரும்.

2. அதில் ஷெல் என்ற சொல், அடுத்து : குறி, அடுத்து சென்ட்டூ என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். சென்ட் டூ போல்டர் திறக்கும்.

3. டெஸ்க்டாப்பில் உள்ள புரோகிராம் ஷார்ட்கட்டை மவுஸின் வலது பட்டனால் இழுத்து வந்து இந்த போல்டரில் விடவும். வரும் மெனுவில் 'கிரியேட் ஷார்ட்கட்ஸ் ஹியர்' என்பதைக் கிளிக் செய்யவும்.

4. இப்போது பல பைல்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, சென்ட் டூ மெனுவில் பாருங்கள். உங்கள் புரோகிராம் அங்கே இருக்கும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ரைட் கிளிக் செய்ததும் சிறிய மெனுதான் வரும். அதில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள், அல்லது ஷிப்ட் கீயுடன் எப்10 கீயை அழுத்துங்கள். பழைய மெனு கிடைக்கும்.

விஎல்சி பிளேயரை இப்படிச் சேர்த்து பத்துப் பாடல்களை அனுப்பினால், பத்தும் ஒரே பட்டியலில் சேரும். ஆனால் எல்லா புரோகிராமும் இப்படி இல்லை. பல பைல்களை வாங்கும் திறமை அந்த புரோகிராமுக்கே இருக்க வேண்டும். பழைய நோட்பேடுக்கு இரண்டு பைல்களை அனுப்பினால், இரண்டு பெயரையும் ஒரே நீளமான பெயராக எண்ணிக்கொண்டு, திறக்காமல் பிழைச் செய்தி காட்டிவிடும்.

முதலில் ஒரு சோதனை

உண்மையான வேலைக்குப் போகும் முன், என்ன பெயர்கள் எந்த வரிசையில் போகின்றன என்று பார்த்துவிடுவோம். நோட்பேடைத் திறந்து இரண்டு வரிகளை ஆங்கிலத்தில் டைப் செய்யவும். முதல் வரியில் எக்கோ (இ, சி, எச், ஓ), ஒரு இடைவெளி, பின் %* குறிகள். இரண்டாவது வரியில் பாஸ் (பி, ஏ, யு, எஸ், இ). பேட்ச் பைல்களில் %* என்பதற்கு 'வந்த எல்லாமும்' என்று பொருள்.

சேவ் செய்யும்போது பைல் வகையில் 'ஆல் பைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரின் முடிவில் புள்ளி வைத்து பி, ஏ, டி என்று கொடுக்கவும். இதை மறந்தால் அது வெறும் டெக்ஸ்ட் பைலாகவே இருக்கும். இந்த பைலை சென்ட் டூ போல்டரில் வைக்கவும். பிறகு சில படங்களைத் தேர்ந்தெடுத்து இதற்கு அனுப்புங்கள். கறுப்புத் திரையில் எல்லாப் பெயர்களும் வரிசையாகத் தெரியும். இந்தச் சோதனையால் எந்தப் பைலுக்கும் ஆபத்து இல்லை.

உண்மையான வேலை

இமேஜ்மேஜிக் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது 'பாத்'தில் சேர்க்கும் இடத்தில் டிக் இருக்கட்டும். மேலே சொன்ன பேட்ச் பைலின் ஒரு காப்பியை எடுத்து, முதல் வரியை மட்டும் இப்படி மாற்றவும்: மேஜிக் (எம், ஏ, ஜி, ஐ, சி, கே), இடைவெளி, %*, இடைவெளி, பின் இரட்டை மேற்கோள் குறிக்குள் %~ குறிகள், அவற்றை ஒட்டி டி, பி என்ற ஆங்கில எழுத்துகள், 1 என்ற எண், அதை ஒட்டி ஆல்பம், புள்ளி, பிடிஎப். மேற்கோள் குறிகளுக்குள் இடைவெளி கூடாது.

%~ என்று தொடங்கும் பகுதிக்கு 'முதல் பைல் இருக்கும் போல்டர்' என்று பொருள். அதனால் ஆல்பம் பைல் படங்களின் பக்கத்திலேயே வந்து சேரும். இரண்டாவது வரியில் உள்ள பாஸ் அப்படியே இருக்கட்டும். பிழைச் செய்தி வந்தால் படிக்க உதவும்.

எச்சரிக்கை: கடைசியில் உள்ள ஆல்பம் பெயரை எழுத மறந்துவிடாதீர்கள். மறந்தால் பட்டியலில் கடைசியாக வரும் படத்தையே புதிய பைலின் பெயராக இமேஜ்மேஜிக் எடுத்துக்கொள்ளும். இரண்டு படங்களை மட்டும் அனுப்பியிருந்தால், இரண்டாவது படத்தின் மேல் முதல் படம் எழுதப்பட்டுவிடும். ஏற்கனவே ஆல்பம் என்ற பைல் இருந்தாலும், கேள்வி கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும். முதல் தடவை படங்களின் காப்பிகளை வைத்துச் செய்து பாருங்கள்.

நான் பட்ட நஷ்டம்

இவ்வளவும் சரியாக அமைந்த மகிழ்ச்சியில் வேலையை ஆரம்பித்தேன். பூச்சட்டி லேபிள்கள். சின்னது, பெரியது, ஸ்பெஷல், அசோகா என்று அளவு வாரியாகப் பன்னிரண்டு டிசைன்கள். 01 முதல் 12 வரை எண் கொடுத்திருந்தேன். முதல் பைலைக் கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி கடைசி பைலைக் கிளிக் செய்து, அங்கேயே ரைட் கிளிக் செய்து அனுப்பினேன். எல்லோரும் இப்படித்தான் செய்வோம். பிடிஎப் வந்தது. பக்கங்களை எண்ணினேன், பன்னிரண்டு இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மாலையில் போன் வந்தது. "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. மூணாம் பக்கத்துல மட்டும் 5 பீஸ்னு இருக்கறத 10 பீஸ்னு மாத்திருங்க."

"சரிங்க அண்ணாச்சி" என்று சொல்லி, 03 என்ற பைலைத் திறந்தேன். அதிலும் 5 பீஸ் என்றுதான் இருந்தது. மாற்றிக் கொடுத்தேன். அச்சும் ஆகிவிட்டது.

பெட்டி ஒட்டும்போதுதான் தெரிந்தது. அவர் சொன்ன மூன்றாம் பக்கம் என் 02 பைல்! விண்டோஸ், எந்தப் பைலின் மேல் ரைட் கிளிக் செய்கிறோமோ அதைத்தான் பட்டியலில் முதலில் வைக்கும். நான் 12ன் மேல் கிளிக் செய்ததால் அது முதல் பக்கமாகி, மற்றவை ஒவ்வொரு பக்கம் பின்னால் தள்ளிப் போயிருந்தன. இரண்டு லேபிள்கள் தவறு. பெட்டிக்குள் எத்தனை உருப்படி என்பதை லேபிளில் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்பது 2011ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளில் உள்ள கட்டாயம். தவறான எண்ணிக்கையுடன் பெட்டியை வெளியே அனுப்ப முடியாது. இரண்டு லேபிள்களையும் என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அந்த மாத வருமானத்தில் பாதி போனது. அண்ணாச்சி திட்டவில்லை. "பார்த்துச் செய்யுங்க தம்பி" என்றார். அதுதான் அதிகமாக உறுத்தியது.

மறக்கக் கூடாதவை

* எது முதல் பக்கமாக வர வேண்டுமோ, அந்தப் பைலின் மேல் ரைட் கிளிக் செய்யவும். பிறகு பிடிஎப் பைலைத் திறந்து வரிசையைப் பார்த்த பின்பே அனுப்பவும். பக்க எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது.

* டிசைனின் ஓரத்திலேயே பைல் எண்ணைச் சிறியதாக எழுதிவிடுங்கள். திருத்தம் சொல்லும்போது பக்க எண்ணை வைத்துப் பேசாமல் அந்த எண்ணையும் சரக்கின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். நான் இப்போது இரண்டையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிறேன்.

* பைல் பெயரில் & குறி வேண்டாம். எங்கள் ஊர்க் கடைகளில் பல '& சன்ஸ்', '& கோ' என்றே முடியும். அதை அப்படியே இடைவெளி இல்லாமல் பைல் பெயரில் வைத்தால், பேட்ச் பைல் அந்தக் குறியோடு ஒரு கட்டளை முடிந்ததாக எண்ணி, மீதியைத் தனிக் கட்டளையாக இயக்கப் பார்க்கும்.

* பேட்ச் பைலில் ஒரு கட்டளையின் நீளம் 8191 எழுத்துகளைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு பைலுக்கும் முழு முகவரியும் சேர்ந்து போகும் என்பதால், போல்டர்களின் பெயர்களைச் சிறியதாக வையுங்கள். படங்கள் அதிகம் இருந்தால் பகுதி பகுதியாக அனுப்புங்கள்.

* இப்படிச் செய்யும் பிடிஎப் பார்வைக்கு மட்டுமே. அச்சுக்கு எப்போதும் மூல டிசைன் பைலையே கொடுங்கள்.

லேபிள் வேலைக்குத்தான் என்று இல்லை. கல்யாணப் போட்டோக்கள், பள்ளிப் புராஜெக்ட் பக்கங்கள், ஸ்கேன் செய்த ரசீதுகள் என எதையும் இப்படி ஒரே பைலாக்கலாம். முதலில் அந்தச் சோதனை பேட்ச் பைலை மட்டும் செய்து, வேறு வேறு பைல்களின் மேல் ரைட் கிளிக் செய்து, வரிசை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். நான் அதை ஒரே ஒரு முறை செய்து பார்த்திருந்தால், இரண்டு லேபிள்களின் அச்சுக் கூலி மிச்சமாகியிருக்கும்.