காசுப் பொறி விளையாட்டுக்கள்: இனங்காணலும் புதுக்கலும்

காசிட்டால் இயங்கும் பொறி புதியதொன்றன்று. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரத்து ஈரோன் என்பார், காசின் பாரத்தால் நீர் சொரியும் கருவியொன்றைத் தம் நூலில் விவரித்துள்ளார். அம்மரபில் வந்ததே 'பின்போல்' என்னும் பந்து விளையாட்டுப் பொறி. அதனைப் பெருக்கிய நகரம் அமெரிக்காவின் சிக்காகோ.

பழம்பொறியொன்றின் காலத்தைத் துணியப் புகுவோர் முகப்புக் கண்ணாடியிலுள்ள பெயரை மாத்திரம் நம்புதல் தகாது. கண்ணாடி மாற்றப்பட்டிருத்தல் கூடும். உறுப்புக்களே சான்றாம். முதற்கண், பந்தை மீள எற்றும் சிறு கைகள் உளவா என நோக்குக. (இவற்றை 'எற்றுகை' என வழங்கினால் இழுக்கில்லை.) 1931இல் வெளிவந்த 'பவிள் போல்' என்பதில் அவை இல்லை. 1947இல் கொட்லீப் நிறுவனத்தாரின் 'ஹம்ப்டி டம்ப்டி'யிலேதான் மின்னால் இயங்கும் எற்றுகைகள், பக்கத்துக்கு மும்மூன்றாக, தோன்றின. ஆயினும் முந்திய பொறிகளிற் பின்னர் அவற்றைப் பொருத்தினாரும் உளர். ஆதலின் பலகையிலுள்ள பழந்துளைகளையும் ஆராய்தல் வேண்டும். பக்கச் சட்டம் மரமாயின் பெரும்பாலும் 1960க்கு முற்பட்டது. புள்ளிகளை மின்குமிழ் காட்டுவது முந்தியது. சுழலும் எண் உருளை பிந்தியது. மின்னணு எண்கள் 1970களின் பிற்பகுதிக்குரியவை.

1942இல் நியூயோர்க் நகரம் இவ்விளையாட்டைச் சூதெனத் தடைசெய்தது. மேயர் லா குவாடியா சம்மட்டியெடுத்துப் பொறிகளை உடைத்தார். தடை 1976இலேதான் நீங்கிற்று. அக்காலத்துப் பொறி எஞ்சியிருத்தலே அரிதாகலின், புதுக்குவோர் கை அடக்கமுடையதாதல் வேண்டும்.

வாங்கியவுடன் மின்னிணைத்துப் பார்க்கும் ஆவல் பெருந்தீங்கு. அமெரிக்கப் பொறி ஏறத்தாழ 115 உவோற்றுக்கு அமைந்தது. 230 உவோற்றில் நேரே இணைப்பின் கருகும். உருகிகள் குறித்த அளவினவோ எனக் காண்க. அளவுக்கு மிஞ்சிய உருகி சுருளை எரிக்கும். தங்குதன் தொடுகைகளை நுண்ணரத்தால் தேய்க்கலாம். பொன்முலாம் பூசியவற்றிலோ அரம் படலாகாது. தடித்த தாளை இடையிலிட்டு இழுத்தலே போதும். 1970களின் இறுதிக்காலச் சுற்றுப்பலகைகளிலே கசிந்த பற்றரி செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். அதனை முதலில் அகற்றுக. திரையுடைய பொறிகளிற் படக்குழாய், மின் நிறுத்தியபின்னும் பல்லாயிரம் உவோற்றைத் தாங்கி நிற்றல் கூடும். பயிலாதார் அதனைத் தொடுதல் உயிர்க்கு ஆபத்து.

செயலிழந்தன யாவும் பழுதுற்றனவல்ல. 1972இல் கலிபோணியாவின் சனிவேல் நகரத்து மதுச்சாலையொன்றில் வைத்த 'பொங்' பொறி நின்றபோது, காசுப் பெட்டி நிரம்பி வழிந்தமையே காரணமெனக் கண்டனர்.

எஞ்சுவது வண்ணம். மங்கிய ஓவியத்தை முற்றாக மீளத் தீட்டுவோர் பலர். எமக்கு அஃது உடன்பாடன்று. முதல் வண்ணம் ஒருமுறை போயின் மீளாது. அழுக்கை மெல்ல நீக்கி, உதிரும் இடங்களை மாத்திரம் நிலைப்படுத்தி, மாற்றிய உறுப்புக்களை ஆண்டுடன் தாளிலெழுதிப் பெட்டியினுள்ளே ஒட்டிவைத்தல் சாலும்.