மதன் தியேட்டர்ஸ்: ஒரு கொட்டகைப் பேரரசின் வளர்ச்சியும் வீழ்ச்சியும்

முன்னுரை

திரைப்பட வரலாறு எழுதுவோர் நடிகர்களையும் இயக்குநர்களையும் பற்றியே மிகுதியாக எழுதுகின்றனர். படம் மக்களிடம் போய்ச் சேரும் இடமாகிய கொட்டகையைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும், எந்தப் படம் ஓடும், எந்தப் படம் பெட்டிக்குள்ளேயே உறங்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் கொட்டகைக்காரரே. இந்தியா முழுவதும் கொட்டகைகளை வைத்திருந்த முதல் நிறுவனம் கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ். அதன் வரலாறு, வணிகவியலும் பொருளியலும் பயிலும் நமக்கு ஒரு நல்ல பாடமாகும்.

கூடாரத்தில் தொடங்கிய தொழில்

ஜாம்ஷெட்ஜி பிராம்ஜி மதன் பம்பாயில் பிறந்த பார்சி. இளம் வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பின்னர் நாடகக் கம்பெனிகளையே விலைக்கு வாங்கும் அளவுக்கு உயர்ந்தார். படைகளுக்கு உணவுப் பொருளும் மதுவகைகளும் வழங்கும் வாணிகத்திலும் பொருள் ஈட்டினார். 1902-இல் கல்கத்தா மைதானத்தில் கூடாரம் அடித்து, எல்பின்ஸ்டன் பயாஸ்கோப் என்ற பெயரில் படம் காட்டத் தொடங்கினார்.

கூடாரம் காற்றுக்கும் மழைக்கும் தாங்காது. ஊர் ஊராகச் சுமந்து செல்லவும் வேண்டும். எனவே 1907-இல் கல்கத்தாவில் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ் என்னும் நிலையான படமாளிகையை அமைத்தார். அதன்பின் ஊருக்கு ஊர் கொட்டகைகள் பெருகின. சிலவற்றை அவரே கட்டினார். நாடக அரங்குகள் சிலவற்றை வாங்கிப் படக் கொட்டகைகளாக மாற்றினார். வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் மேனாட்டுப் படங்களும், இந்தியர் வாழும் பகுதிகளில் புராணப் படங்களும் காட்டப்பட்டன.

மூன்று தொழில், ஒரே கை

திரைப்படத் தொழிலில் மூன்று படிகள் உண்டு: படம் எடுத்தல், விநியோகித்தல், காட்டுதல். மதன் இம்மூன்றையும் ஒரே கையில் கொண்டுவந்தார். 1917-இல் ‘சத்தியவாதி ராஜா அரிச்சந்திரா’வையும், 1919-இல் ‘பில்வமங்கள்’ என்ற படத்தையும் அவர் நிறுவனம் தயாரித்தது. 1919-இல்தான் மதன் தியேட்டர்ஸ் லிமிடெட் என்ற கூட்டுப் பங்கு நிறுவனமும் உருவாயிற்று.

இம்முறையின் இலாபம் எளிதில் விளங்கும். சொந்தப் படத்திற்குச் சொந்தக் கொட்டகை தயாராக இருக்கும். ஒரு படப் பிரதியை ஓர் ஊரில் ஓட்டி முடித்து அடுத்த ஊருக்கு அனுப்பலாம். பல கொட்டகைகளுக்கு மொத்தமாகப் பேசுவதால் வெளிநாட்டுப் படங்களும் மலிவாகக் கிடைக்கும். ஊமைப்படத்திற்கு மொழித் தடையும் இல்லை. எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றினால் வடநாட்டில் ஓடிய படமே பர்மாவிலும் இலங்கையிலும் ஓடும். 1923-இல் மதன் மறைந்தார். அவருடைய புதல்வர்கள் நிறுவனத்தை மேலும் விரிவாக்கினர். அதன் உச்ச நாளில் நூற்றுக்கு மேற்பட்ட கொட்டகைகள் அதன் ஆளுகைக்குள் இருந்தன.

விசாரணை

ஒருவரின் வளர்ச்சி மற்றவருக்கு நெருக்கடியாகலாம். சொந்தக் கொட்டகை இல்லாத சிறு தயாரிப்பாளர் தம் படத்தை எங்கே காட்டுவார்? 1927-இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு இக்கேள்வியையும் ஆராய்ந்தது. அதன் தலைவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் திவான் பகதூர் தி. ரங்காச்சாரியார் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. குழு நாடெங்கும் சுற்றி 353 பேரிடம் சாட்சியம் பெற்றது.

நாடு முழுமைக்கும் மதன் நிறுவனத்திற்கு ஏகபோகம் இருப்பதாகக் குழு கருதவில்லை. ஆனால் இந்தியக் கொட்டகைகளில் வெளிநாட்டுப் படங்களே, அதிலும் அமெரிக்கப் படங்களே, பெரும்பான்மை என்பதைக் கண்டது. இந்தியத் தயாரிப்பாளருக்குக் கடன் உதவி வேண்டும் என்றும், கொட்டகைகள் ஓரளவு இந்தியப் படங்களைக் காட்ட வேண்டும் என்றும் 1928-இல் பரிந்துரைத்தது. குழுவின் ஆங்கில உறுப்பினர்கள் மாறுபட்டனர். அரசும் பரிந்துரைகளைச் செயற்படுத்தவில்லை.

பேசும் படம் வந்தது

அரசு செய்யாததை ஒலி செய்தது. பேசும் படம் வந்ததும் ஒவ்வொரு கொட்டகைக்கும் வெளிநாட்டிலிருந்து ஒலிக்கருவி வரவழைக்க வேண்டியதாயிற்று. ஒரே கொட்டகை வைத்திருப்பவருக்கு ஒரு செலவு. நூறு வைத்திருப்பவருக்கு நூறு செலவு! உலகப் பொருளாதார மந்தமும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது.

மதன் நிறுவனம் முயலாமல் இல்லை. 1931-இல் ‘ஷிரீன் பர்ஹாத்’தையும், 1932-இல் எழுபது பாடல்கள் அளவில் கொண்ட ‘இந்திர சபா’வையும் எடுத்தது. ஆனால் முதல் இந்தியப் பேசும் படம் என்ற பெருமையை 1931 மார்ச்சில் பம்பாய் இம்பீரியல் கம்பெனியின் ‘ஆலம் ஆரா’ தட்டிச் சென்றது. கல்கத்தாவிலேயே நியூ தியேட்டர்ஸ் என்ற புதுப் போட்டியும் எழுந்தது.

இவற்றினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. படம் பேசத் தொடங்கியதும் நாடு மொழிவாரிச் சந்தைகளாகப் பிரிந்தது. தமிழர் தமிழில் கேட்க விரும்பினர். வங்காளியர் வங்காளியில் கேட்க விரும்பினர். ஒரே படத்தை எல்லா ஊருக்கும் அனுப்பும் வசதி போயிற்று. கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின; 1930-களிலேயே பேரரசு சரிந்தது.

முடிவுரை

அமெரிக்காவில் படநிறுவனங்களின் கையிலிருந்து கொட்டகைகளைப் பிரிக்க 1948-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. இங்கே ஒரு தொழில்நுட்ப மாற்றமே அதைச் செய்துவிட்டது. எது வலிமையோ அதுவே சுமையாகும் என்பதே மதன் வரலாறு தரும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இன்றைக்கும் உரியது. 1997-இல் தில்லியில் நான்கு திரைகளோடு தொடங்கிய பி.வி.ஆர்., 2018-இல் சென்னை சத்யம் திரையரங்குகளின் நிறுவனத்தை வாங்கி, 2023-இல் ஐனாக்ஸுடன் இணைந்தது. இன்று இந்நிறுவனத்திடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட திரைகள் உள்ளன. நல்ல இருக்கையும் தெளிவான ஒலியும் நமக்குக் கிடைத்துள்ளன, மறுப்பதற்கில்லை. ஆனால் புதிதாகப் படம் எடுக்கும் இளைஞனுக்கு வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி கிடைக்குமா? ரங்காச்சாரியார் குழுவின் முன் இருந்த அதே கேள்விதான் இது. வசதியான கொட்டகையும் வேண்டும்; அதன் வாயில் பலருக்கும் திறந்திருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறும் வழியை ஆராய்வது நம் தலைமுறையின் கடமையாகும்.