சிறு மோட்டரை மீளச் சுற்றி நாற்றுமேடைக்கு நீர் பாய்ச்சுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் மாரிமழையால் தங்கும் நன்னீரே கிணறுகளுக்கு ஆதாரமாகும். மயிலிட்டி போன்ற கடலோர ஊர்களில் அந்நன்னீருக்கு அடியில் உவர்நீர் உண்டு. பெரிய இயந்திரத்தால் அளவின்றி இறைத்தால் உவர் மேலேறிப் பயிரைக் கெடுக்கும். 1990இல் இடம்பெயர்ந்து, 2017 முதல் பகுதி பகுதியாக மீளத் தொடங்கிய இவ்வூர் மக்களுக்கு நல்ல கிணறு நிலத்தினும் அரிய பொருளாகும்.

வெங்காய, மிளகாய் நாற்றுமேடைக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 10 லீற்றர் நீரை 2 மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 3.3 உவாற்று போதும். பம்பியின் திறன் மூன்றிலொன்று எனக் கொண்டாலும் 10 உவாற்று, அதாவது 12 வோல்ற்றில் ஓர் அம்பியருக்கும் குறைவே தேவைப்படும். விளையாட்டு விமானத்தில் இருந்து கழற்றிய தூரிகையற்ற மோட்டர் இதற்கு ஏற்றது. ஆனால் அதன் வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

வேகத்தின் கணக்கு

வோல்ற்று ஒன்றுக்கு 1,000 சுற்று எனக் குறிக்கப்பட்ட மோட்டர், 12 வோல்ற்றில் சுமையின்றி நிமிடத்துக்கு 12,000 முறை சுழலும். பம்பியின் சுமையோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஆகவே இவ்வேகத்தில் சுருள் எரிந்துபோகும். கம்பிச் சுற்றுகளை இருமடங்காக்கினால் வேகம் பாதியாகும். முக்கோண இணைப்பை நட்சத்திர இணைப்பாக மாற்றினால் மேலும் 1.73ஆல் குறையும். இரண்டையும் செய்தால் 12 வோல்ற்றில் ஏறத்தாழ 3,460 சுற்று கிடைக்கும். இதனால் மோட்டரின் வலு பெருகுவதில்லை. அம்பியர் ஒன்றுக்குரிய முறுக்குவிசையே பெருகுகின்றது. மோட்டர் முன்பே நட்சத்திர இணைப்பில் இருப்பின் சுற்றுகளை மட்டும் மாற்றுக.

செய்யும் முறை

1. பழைய சுருளை அவிழ்க்குமுன், எந்தப் பல்லில் எத்திசையில் எத்தனை சுற்று உள்ளதெனப் படம் வரைந்துகொள்க. அத்திசைகளை மாற்றலாகாது.

2. பழைய கம்பி 0.5 மில்லிமீற்றர், 12 சுற்று எனின், 0.35 மில்லிமீற்றர் எனாமல் செம்புக் கம்பியில் 24 சுற்றுச் சுற்றுக. எனாமல் உரியாதவாறு பல்லின் விளிம்பில் காப்புத்தாள் வைக்க வேண்டும்.

3. மூன்று சுருள்களின் இறுதி முனைகளை ஒன்றாகப் பற்றாசு வைத்து, காப்புறையிட்டு மூடுக. தொடக்க முனைகள் மூன்றும் மின்கட்டுப்படுத்திக்குச் செல்லும்.

4. எந்த முனைக்கும் இரும்பு அகத்துக்கும் இடையே மின் செல்லலாகாது. முனைகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று தடைகளும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் சுருளில் பிழை உண்டு, மின் கொடுக்கலாகாது.

5. பற்றரிக்கு அருகே உருகி ஒன்று அமைத்து, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்க. எதிர்த்திசையில் சுழன்றால் மூன்று கம்பிகளுள் இரண்டை இடம் மாற்றினால் போதும்.

கவனிக்க வேண்டியவை

கைபொறுக்காத சூடு ஏறினால் உடனே நிறுத்துக. இவ்வகை மோட்டர்களின் சாதாரண நியோடிமியக் காந்தங்கள் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலுவிழக்கும். கடற்காற்றின் உப்பு காந்தத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே சுருளுக்கு வார்னிசு பூசி, மோட்டரை நீர்மட்டத்துக்கு மேல், கூரையின் கீழ் நிறுத்துக.

ஒரு வேளைக்கு ஒரு தொட்டி என வரையறுத்து, தொட்டி வற்றியதும் மோட்டரை நிறுத்திவிடுக. பயிருக்கு வேண்டிய அளவே இறைப்பவரின் கிணற்றில் நன்னீர் நெடுநாள் நிலைக்கும்.