எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல

வயிற்று வலிக்காக ஸ்கான் எடுக்கச் சென்றவரின் அறிக்கையில் "சிறுநீரகத்தில் கட்டி" என்று ஒரு வரி இருந்தால் போதும், வீடு செத்த வீடாகிவிடுகிறது. அடுத்த ஸ்கானில் ஈரலிலும் ஒன்று தெரிகிறது என்றால், "பரவிவிட்டது" என்று உறவினர் முடிவே கட்டிவிடுகிறார்கள். கட்டி என்றால் புற்றுநோய், இரண்டாவது இடத்தில் கண்டால் அது பரவியது என்னும் இந்தக் கணக்குக்கு அடங்காத கட்டி ஒன்றைப் பற்றி இம்முறை படிப்போம்.

அதன் பெயர் அன்ஜியோமயோலிப்போமா. கிரேக்கச் சொற்களால் ஆன இப்பெயரைப் பிரித்தால் பொருள் விளங்கும். 'அன்ஜியோ' குருதிக்குழாய், 'மயோ' தசை, 'லிப்போ' கொழுப்பு, 'ஓமா' கட்டி. இம்மூன்று இழையங்களும் கலந்து வளர்வதே இது. சிறுநீரகத்தில் தோன்றும் தீங்கற்ற திண்மக் கட்டிகளுள் அதிகம் காணப்படுவது இதுவே. நடுத்தர வயதுப் பெண்களிடம் கூடுதலாக உண்டு. கொழுப்பு இருப்பது வைத்தியருக்கு வசதி. சி.ரி. ஸ்கானில் கொழுப்பு தனியாகத் தெரிவதால், பெரும்பாலும் ஊசியால் இழையம் எடுக்காமலே இன்ன கட்டி என்று சொல்லிவிடலாம். கொழுப்பு மிகக் குறைந்த கட்டியாயின் அது புற்றுநோய் போலவே தோன்றும். அப்போது இழையப் பரிசோதனை தேவைப்படலாம். (வட மத்திய மாகாண விவசாயிகளிடையே 1990கள் முதல் அறியப்பட்ட சிறுநீரக நோய் வேறு. அது சிறுநீரகம் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்; கட்டியல்ல.)

இக்கட்டி சிறுநீரகத்துக்கு வெளியே அதிகம் காணப்படும் உறுப்பு ஈரல். வயிற்றின் பின்புறத்திலும், நிணநீர்க் கணுக்களிலும், அரிதாகக் கருப்பையிலும் தோன்றுவதுண்டு. இவை பொதுவாகச் சிறுநீரகத்திலிருந்து உடைந்து போனவை அல்ல. அந்தந்த இடத்திலேயே பிறந்தவை. ஒரு மழைக்கு வளவின் இரு மூலைகளிலும் காளான் முளைக்கிறது. ஒன்று மற்றதிடமிருந்து நடந்து வந்ததென்று யாரும் சொல்வதில்லை அல்லவா? சிறுநீரகத்துக்கு அருகிலுள்ள கணுவில் இதே இழையம் இருந்தாலும் வைத்தியர்கள் பொதுவாக அதைப் பரவலாகக் கொள்வதில்லை. சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் இத்தகைய கட்டிகளில், குருதிக்குழாயைச் சுற்றி அமையும் ஒரே வகைக் கலம் இருப்பதை 1992இல் இத்தாலிய ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். உறவு அக்கலத்தால் வந்தது.

விதிவிலக்கும் உண்டு. 'எபிதீலியொயிட்' என்ற அரிய வகை, புற்றுநோய் போல நடந்து பரவக்கூடியது. ஆகவே இழையம் எடுத்திருந்தால் அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது எனக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இரு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் இருந்தால் வேறொரு கேள்வி எழுகிறது. இது 'ரியூபரஸ் ஸ்க்லெரோசிஸ்' என்னும் பரம்பரை நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம். ஏறக்குறைய 6,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இந்நோய் உண்டு. இதற்குரிய இரு பரம்பரையலகுகள் 1993இலும் 1997இலும் கண்டறியப்பட்டன. குழந்தைப் பருவத்தில் வலிப்பு, தோலில் இலை வடிவ வெள்ளைத் திட்டுகள், பின்னர் மூக்கின் இரு பக்கமும் கன்னத்திலும் சிறு பருக்கள் என்பன இதன் அடையாளங்கள். திட்டைத் தேமல் என்றும் பருவை முகப்பரு என்றும் எண்ணி விட்டுவிடுகிறோம். வலிப்பைப் பற்றி நம் கிராமங்களில் சொல்லப்படும் காரணங்களையோ கேட்கவே வேண்டாம். வலிப்பும் வெள்ளைத் திட்டும் சேர்ந்துள்ள பிள்ளைக்குச் சிறுநீரக ஸ்கானும் தேவை. இந்நோயுள்ள பெண்களுக்கு நுரையீரலும் பாதிக்கப்படலாம். மூச்சு வாங்குவதைச் சாதாரண இளைப்பு என்று தள்ளக்கூடாது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெற்றோர் இருவருக்கும் இல்லாமலே பிள்ளைக்குப் புதிதாக வருவதும் மிகுதி. ஆகவே தாய்வழியா தந்தைவழியா என்று சண்டை பிடிப்பது வீண்.

'தீங்கற்றது' என்ற சொல்லை நம்பி கிளினிக்குக்குப் போகாமல் விடுவோரும் உளர். நமக்கு அதிகம் கவலை தருபவர்கள் இவர்களே. இக்கட்டியிலுள்ள குருதிக்குழாய்களின் சுவர் பலமற்றது. உடைந்தால் உள்ளே குருதி பெருகும். 4 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த ஆபத்து கூடுகிறது; கர்ப்ப காலத்திலும் கவனம் வேண்டும். விலாப்பக்கம் திடீரென வலி, தலைச்சுற்று, மயக்கம், சிறுநீரில் குருதி என்றால் விடியும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சிறிய கட்டிக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை; குறித்த காலத்தில் ஸ்கான் எடுத்துப் பார்ப்பதே போதும். பெரிதாயின் குழாய் வழியாகச் சென்று அதற்குப் போகும் குருதியை அடைக்கலாம், அல்லது சிறுநீரகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றலாம். பரம்பரை நோயுள்ளவர்களின் கட்டியைச் சுருக்க எவரோலிமஸ் என்ற மாத்திரை 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஸ்கானுக்குப் போகும்போது அறிக்கையை மட்டுமல்ல, பழைய படங்களையும் கொண்டு செல்லுங்கள். கட்டி வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்பதை வைத்தியர் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் சொல்வார்.