படத்தில் தெரியாதவை

வீட்டு உள் அலங்கார வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு:

ஆத்தங்குடி டைல்ஸ், ரெட் ஆக்சைடு தரை, பழைய மரத்தூண், திறந்த சமையலறை. இன்று வீடு கட்டுகிறவர்கள் கேட்பது இதெல்லாம்தான். கைபேசியில் படம் காட்டிக் கேட்கிறார்கள். அழகு படத்திலேயே தெரிந்துவிடும். யார் துடைப்பது, எப்போது காயும், ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியாது. அதைச் சொல்லத்தான் நமக்குக் கூலி.

1. ஆத்தங்குடி டைல்ஸ் கேட்டால், முதலில் காரைக்குடிக்குப் பஸ் ஏறுங்கள். கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் நிரப்புவதைக் கண்ணால் பாருங்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. சிமெண்ட் என்பதால் ஆசிட் ஆகாது. இதை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லுங்கள். கைவேலை, நிறம் முன்பின் இருக்கும். உடைசலுக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

2. ரெட் ஆக்சைடு தரைக்குக் கொத்தனாரின் கைதான் முதல். தேய்ப்பதில் அவசரப்பட்டாலோ, தண்ணீர் கட்டாமல் விட்டாலோ வெடிப்பு விடும். கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு உங்களிடம் வருகிறவர்களுக்கு இதைச் செய்துதர ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. செட்டிநாட்டுத் தூணை வாங்கி டி.வி. பக்கத்தில் நிறுத்துவது இப்போதைய மோகம். அதற்கு முன் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இருக்கும் செட்டிநாட்டு வீட்டைப் போய்ப் பாருங்கள். அங்கே தூண் கூரையைத் தாங்குகிறது. உங்கள் பிளாட்டில் அதற்கு என்ன வேலை? பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஊஞ்சல் போடுங்கள். தினமும் யாராவது உட்காருவார்கள்.

4. திறந்த சமையலறை வரைவதற்கு முன், அந்த வீட்டில் மீன் பொரிப்பார்களா என்று கேளுங்கள். தாளிப்பு நெடி சோபாத் துணியில் ஏறினால் இறங்காது. நடுவில் ஒரு கண்ணாடிச் சறுக்குக் கதவு போதும்; வெளிச்சம் வரும், புகை வராது.

5. ஸிங்குக்குக் கீழே எம்.டி.எஃப். பலகை வைக்காதீர்கள், ஊறி உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். முத்திரையை நீங்களே பாருங்கள், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

6. மண் நிறச் சுவருக்கு 6500 கெல்வின் வெள்ளை விளக்குப் போட்டால் சுவர் வெளிறிப் போகும். கூடத்துக்கு 3000 போதும். காய் நறுக்கும் மேடைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் மட்டும் 4000 வையுங்கள்.

7. ஃபால்ஸ் சீலிங் அரை அடி உயரத்தைத் தின்னும். மின்விசிறி எங்கே வரும் என்று முடிவு செய்த பிறகு பென்சிலை எடுங்கள்.

8. முதல் சந்திப்பில் வீட்டுக்காரரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பாட்டி எங்கே உட்காருவார், ஊரிலிருந்து ஆள் வந்தால் எங்கே பாய் விரிப்பார்கள், பூஜை விளக்கின் கரி எந்தச் சுவரில் படியும் என்று விசாரியுங்கள்.

9. சாவியோடு ஒரு தாளும் கொடுங்கள். எந்தத் தரையை எதால் துடைப்பது, நாற்காலியின் பிரம்புப் பின்னல் தளர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதியிருக்கட்டும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் கூப்பிடாமலே போய்ப் பாருங்கள். பழுது இருந்தால் சரிசெய்து கொடுங்கள். அடுத்த வேலை அந்த வீட்டுக்காரர் வாய்ச்சொல்லில்தான் வரும்.